யார் கேட்க வேண்டிய வழக்கு?

கடல் கடந்த தமிழர் வரலாறு – 17

சிதம்பரத்தில் ஞானப்பிரகாசர் குளம் இருக்கிறது. கீரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறிச் சிதம்பரம் போய்வருகிற நம் பக்கத்து ஜனங்களுக்கு அந்தப் பெயர் பழக்கம்தான். அதை வெட்டுவித்தவர் இந்த ஊர்க்காரர் அல்லர்; யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்தவர். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தை ஆண்டபோது, அதிகாரியின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்து மாடு கொடுக்க வேண்டியிருந்தது என்றும், தம் வீட்டு முறை வருவதற்கு முன்னிரவே ஞானப்பிரகாசர் ஊரைவிட்டுப் புறப்பட்டுவிட்டார் என்றும் யாழ்ப்பாண மரபு சொல்கிறது. வடக்கே கௌட தேசம் வரை போய் வடமொழி கற்று, திரும்பிச் சிதம்பரத்தில் தங்கினார். சமயத்துக்காக ஆள்பவருக்கு அஞ்சி நாடு நீங்கியவர் அவர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையை வைத்துப் பார்த்தால் அவர் அகதிதான். எந்தக் கரையில் முதலில் இறங்கினாய், அங்கேயே ஏன் தங்கவில்லை என்று சிதம்பரத்தில் அவரை யாரும் கேட்கவில்லை.

அவருக்குப் பின் முன்னூறு ஆண்டுகள் கழித்து அதே யாழ்ப்பாணத்திலிருந்து ஓடியவர்களிடம் எல்லாரும் முதலில் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். ஏன் ஓடி வந்தாய் என்பது இரண்டாவது கேள்வியாகிவிட்டது. பல பேரிடம் அந்த இரண்டாவது கேள்வி கேட்கப்படவே இல்லை. ஒருவரின் தஞ்சக் கோரிக்கையை எந்த நாடு விசாரிப்பது என்ற ஏற்பாடு உலகில் எப்படி உருவானது, அது உருவான ஒவ்வொரு கட்டத்திலும் நம் ஆட்கள் எப்படி அதில் சிக்கினார்கள் என்பதே இந்த இதழின் கதை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1951 உடன்படிக்கை, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பாதே என்கிறது. சட்டவிரோதமாக நுழைந்தாலும், ஆபத்துள்ள இடத்திலிருந்து நேராக வந்தவரைத் தண்டிக்காதே என்கிறது. ஆனால் அவருடைய மனுவை எந்த நாடு வாங்கி விசாரிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நாடுகள் பிற்பாடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் முளைத்தன. 'நேராக வந்தவர்' என்ற சொல்லையும் அவை இறுகப் பிடித்துக்கொண்டன.

சென்ற இதழ்களில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களைப் பார்த்தோம். மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து குறிஞ்சிப்பாடி வரை தமிழ்நாடெங்கும் முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அதே ஆண்டுகளில் கையில் கொஞ்சம் காசு புரட்ட முடிந்த இளைஞர்கள் கொழும்பிலிருந்து விமானம் ஏறினார்கள். காணி விற்றும் தாலிக்கொடி அடகு வைத்தும் புரட்டிய காசு. போன வழி வினோதமானது. கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பெர்லினுக்குள் வந்து, நகர ரயிலில் ஏறினால் சற்று நேரத்தில் மேற்கு பெர்லின். கிழக்கு ஜெர்மனி அவர்களை வழிமறிக்கவில்லை. மேற்கு ஜெர்மனியோ, பெர்லின் முழுவதும் ஒரே நகரம், அதன் நடுவே எல்லை என்று ஒன்று இல்லை என்ற கொள்கையில் இருந்ததால், அங்கே பாஸ்போர்ட் சோதனைச் சாவடி வைக்க மாட்டேன் என்றது. வைத்தால் எல்லையை ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டு ஜெர்மனிகளின் பகையில் இருந்த அந்தச் சந்துக்குள் புகுந்துதான் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் ஐரோப்பாவில் 'அசூல் அடித்தார்கள்', அதாவது தஞ்சம் கேட்டார்கள். மேற்கு ஜெர்மனி பொருளாதாரச் சலுகையைக் காட்டிப் பேச, 1985இல் கிழக்கு ஜெர்மனி இலங்கைத் தமிழருக்கு அந்த வழியை அடைத்தது. அடுத்த ஆண்டு மற்ற நாட்டவருக்கும் அடைபட்டது.

அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் சுகமாக இருந்தார்களா? தஞ்சம் கேட்டவர் வேலைக்குப் போகக்கூடாது. கூட்டு விடுதியில் இருக்க வேண்டும். ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே கால் வைக்கக்கூடாது. பெரும்பாலான மனுக்கள் தள்ளுபடி. கடனை அடைக்க வழியில்லாமல், வட்டி ஊரில் ஏற ஏற, இளைஞர்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து புறப்பட்டவர்கள்தான் 1986 ஆகஸ்ட் 11 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், மூடுபனிக்குள், கூரையில்லாத இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்தார்கள். 155 பேர். முதலில் பார்த்தவர் உள்ளூர் மீனவர் கஸ் டால்டன். அவர் தம் படகில் ஏற்றக்கூடியவர்களை ஏற்றி, மற்ற படகுகளையும் வரவழைத்துக் காப்பாற்றினார். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. கடலில் தத்தளிப்பவனைப் பார்த்தால் வலையை விட்டுவிட்டுப் போவதுதான் மீனவர் வழக்கம். பரங்கிப்பேட்டையிலும் அதுதான், அட்லாண்டிக்கிலும் அதுதான்.

செயின்ட் ஜான்ஸ் நகரின் பல்கலைக்கழக விடுதியில் அவர்களைத் தங்கவைத்தார்கள். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டபோது, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தோம் என்றார்கள். அடுத்த சில நாளில் உண்மை தெரிந்துவிட்டது. கப்பல் புறப்பட்டது மேற்கு ஜெர்மனியின் பிராக்க துறைமுகத்திலிருந்து. கப்பல் தலைவன் வொல்ஃப்காங் பிண்டெல் என்ற ஜெர்மானியன்; காசை வாங்கிக்கொண்டு நடுக்கடலில் படகில் இறக்கிவிட்டுத் திரும்பியவன். கனடாவின் பத்திரிகைகளில் கோபம் கொதித்தது. ஜெர்மனியில் பத்திரமாக இருந்தவர்கள்தானே, பொய் சொல்லி வந்தவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள்.

அவர்கள் ஏன் பொய் சொன்னார்கள் என்பதில்தான் இந்த வரலாற்றின் முடிச்சே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நடந்ததைப் பற்றி அவர்கள் பொய் சொல்லவில்லை. வந்த பாதையைப் பற்றிச் சொன்னார்கள். ஜெர்மனி என்று சொன்னால் ஜெர்மனிக்கே அனுப்பிவிடுவார்கள், அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். தன்னைத் துன்புறுத்தியவனைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஒருவன் தான் மாறிய பஸ் நிலையத்தைப் பற்றிப் பொய் சொல்லும்படி ஒரு முறை அமைந்திருந்தால், குறை அந்த முறையில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பிரதமர் பிரையன் மல்ரோனி அப்போது நடந்துகொண்ட விதம் கனடாவுக்குப் பெருமை. குடியேறிகளாலும் அகதிகளாலும் கட்டப்பட்ட நாடு இது, கடலில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பமாட்டோம் என்ற நிலையை எடுத்தார். 155 பேருக்கும் ஓராண்டு தங்கி வேலை பார்க்க அமைச்சரின் அனுமதி கிடைத்தது. டொராண்டோவிலும் மான்ட்ரியலிலும் ஏற்கெனவே இருந்த சிறு தமிழ்ச் சமூகம் அவர்களை ஏற்றுக்கொண்டது. இன்று உலகிலேயே பெரிய புலம்பெயர் தமிழ்ச் சமூகங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ஆனால் அரசு இயந்திரம் வேறு திசையில் நகர்ந்தது. அடுத்த ஆண்டு ஒரு கப்பல் நிறைய சீக்கியர் நோவா ஸ்கோஷியாவில் இறங்கியதும் நாடாளுமன்றத்தை அவசரமாகக் கூட்டினார்கள். 1989 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், பாதுகாப்பான மூன்றாவது நாடு ஒன்றின் வழியாக வந்தவரின் மனுவை ஏற்காமலிருக்கலாம் என்ற பிரிவு நுழைந்தது. எந்த நாடு பாதுகாப்பானது என்று அறிவிக்காமல் பதினைந்து ஆண்டுகள் அந்தப் பிரிவு தூங்கியது. 2004 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவுடனான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் விழித்துக்கொண்டது. அமெரிக்காவில் முதலில் கால் வைத்தவர் தரைவழி எல்லைச் சாவடிக்கு வந்து கனடாவில் தஞ்சம் கேட்டால், குடும்பத்தார் கனடாவில் இருப்பது போன்ற சில விலக்குகள் தவிர, திரும்ப அமெரிக்காவுக்கே. 2023 மார்ச்சிலிருந்து சாவடி இல்லாத இடங்களுக்கும் அது நீண்டது.

பிரிட்டனில் நடந்தது இன்னும் கசப்பானது. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழர்களை விசாரணை முழுமையாக இல்லாமலே திருப்பி அனுப்ப முற்பட்டபோது, அவர்கள் ஓடுதளத்திலேயே உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். உள்ளாடையோடு குளிரில் நின்ற அந்த இளைஞர்களின் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. நீதிமன்றம் தலையிட்டதால் அன்று விமானம் அவர்களை ஏற்றாமல் போயிற்று. அரசு அடுத்து ஒரு சட்டம் கொண்டுவந்தது: விசா இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனம் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு அபராதம் கட்ட வேண்டும். எல்லைக் காவல் வேலை கொழும்பு விமான நிலையத்து டிக்கெட் கவுன்டருக்கே வந்துவிட்டது. அதே ஆண்டு, ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிக் கப்பலைத் தடுப்பு முகாமாக்கித் தமிழர்களை அடைத்தார்கள். அக்டோபரில் அடித்த பெரும்புயலில் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய்த் தரைதட்டியது. உள்ளே இருந்தவர்களை அதன்பிறகே வெளியே விட்டார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 1990 ஜூன் 15 அன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஐரோப்பிய சமூகத்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நடைமுறைக்கு வந்தது 1997 செப்டம்பரில். 2003இலும் 2013இலும் அது திருத்தி எழுதப்பட்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமாகவே ஆனது. நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து போன்ற ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளும் அதில் சேர்ந்துகொண்டன.

அந்த ஒப்பந்தத்தை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஒரு நாடு அடுத்த நாட்டைக் கைகாட்ட, அது இன்னொன்றைக் கைகாட்ட, அகதி விமான நிலையம் விமான நிலையமாக அலைந்த கொடுமை உண்மையிலேயே இருந்தது. 1979லேயே ஐ.நா. அகதிகள் அமைப்பின் செயற்குழு இதைத் தனியே எடுத்துப் பேசியிருக்கிறது. யாராவது ஒரு நாடு கட்டாயம் விசாரித்தே தீர வேண்டும் என்று டப்ளின் சொன்னது. சொன்னபடி நடந்திருந்தால் நல்ல ஏற்பாடுதான்.

எந்த நாடு என்று பார்க்க, 2013இல் திருத்திய டப்ளின் விதிகளில் ஒரு வரிசை உண்டு. தனியாக வந்த சிறுவர் என்றால், அவருடைய பெற்றோரோ உடன்பிறந்தவரோ உறவினரோ சட்டப்படி இருக்கும் நாடு. அடுத்து, கணவனோ மனைவியோ சிறுபிள்ளைகளோ ஏற்கெனவே அகதியாக ஏற்கப்பட்டோ மனுப்போட்டோ இருக்கும் நாடு. அதற்கடுத்து, விசாவோ வதிவிட அனுமதியோ கொடுத்த நாடு. பிறகு, அனுமதியின்றி முதலில் எல்லை தாண்டி நுழைந்த நாடு. எதுவும் பொருந்தாவிட்டால் முதலில் மனுக்கொடுத்த நாடு. எழுத்தில் குடும்பம்தான் மேலே இருக்கிறது. நடைமுறையில் பெரிதாகக் கேட்டது விரல் ரேகையின் குரல்தான். 2003 ஜனவரியிலிருந்து, பதினான்கு வயதுக்கு மேற்பட்டவரின் பத்து விரல் ரேகையும் 'யூரோடாக்' என்ற பொதுக் கணினிப் பதிவேட்டில் ஏறிவிடும். இத்தாலியில் கடலிலிருந்து இறங்கும்போது வைத்த ரேகை, பாரிஸில் மனுக்கொடுக்கும்போது திரையில் வந்து நிற்கும். ரேகையை அழிக்க விரல் நுனியைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

அதன்பிறகு நடப்பவை கெடு வைத்த காரியங்கள். மனு வந்த நாடு, பொறுப்பென்று தான் கருதும் நாட்டுக்கு மூன்று மாதத்துக்குள் எழுதவேண்டும்; ரேகை பொருந்தியிருந்தால் இரண்டே மாதம். அந்த நாடு கெடுவுக்குள் பதில் தராவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே பொருள். ஒப்புக்கொண்டபின் ஆறு மாதத்துக்குள் ஆளை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பொறுப்பு மனு வந்த நாட்டின் தலையிலேயே விழும். ஆள் தலைமறைவானால் அந்த ஆறு மாதம் பதினெட்டு மாதமாகும். முடிவை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். எந்த நாடும், இது என் பொறுப்பில்லை என்றாலும் நானே விசாரிக்கிறேன் என்று மனமிரங்கி எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. ஐரோப்பாவில் தமிழ்க் குடும்பங்கள் 'டப்ளின் கேஸ்' என்று பேசிக்கொண்டதெல்லாம் இந்த மாதக் கணக்கைத்தான். பதினெட்டு மாதம் தெரிந்தவர் வீட்டுப் பின்னறையில், உணவகச் சமையலறையில் ஒளிந்திருந்து, கெடு கழிந்ததும் புதிதாய் மனுக்கொடுத்தவர்கள் ஏராளம். ஒருவரின் வழக்கைக் கேட்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு சட்டம் இத்தனை நுணுக்கமாகக் கணக்கிட்டிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது.

இந்த ஏற்பாடு மனித உரிமைக்கு ஒத்துப்போகிறதா என்ற கேள்வியை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழர். தீர்ப்பில் அவர் டி.ஐ. என்ற இரண்டு எழுத்துகளாக மட்டும் இருக்கிறார். விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துவைத்துக் கட்டாய வேலை வாங்கினார்கள். தப்பிக் கொழும்பு வந்தால் புலி என்று சந்தேகித்து அரசுப் படையினர் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். இது அவர் சொன்ன கதை. 1996 தொடக்கத்தில் ஜெர்மனி போய் மனுக்கொடுத்தார், தள்ளுபடி. 1997இல் பிரிட்டன் போய் மறுபடி கேட்டார். பிரிட்டன் ஜெர்மனிக்கு எழுதியது. 1998 ஜனவரியில் ஜெர்மனி, எங்கள் பொறுப்புத்தான், அனுப்புங்கள் என்றது.

ஆனால் இரண்டு நாடுகளின் சட்டமும் ஒன்றாக இல்லை. அரசு செய்யும் கொடுமையை அல்லது அரசின் பொறுப்பில் நடக்கும் கொடுமையை மட்டுமே ஜெர்மன் நீதிமன்றங்கள் அகதிச் சட்டத்துக்குள் எடுத்துக்கொண்டன. இயக்கத்துக்குப் பயந்து ஓடியவனுக்கு அங்கே இடமில்லை. பிரிட்டனில் அந்தப் பயத்தையும் கணக்கில் எடுப்பார்கள். ஒரே ஆள், ஒரே கதை. ஆங்கிலக் கால்வாயின் பிரிட்டன் பக்கம் அகதியாகலாம், மறுபக்கம் ஆக முடியாது. புலிகளுக்கும் இராணுவத்துக்கும் நடுவில் அகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

2000 மார்ச் 7 அன்று, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள அந்த ஐரோப்பிய நீதிமன்றம் முடிவு சொன்னது. அவர் தோற்றார். ஜெர்மன் சட்டத்தில் வேறொரு பிரிவின்கீழ் அவருக்குப் பாதுகாப்புக் கிடைக்க வழியிருப்பதாக ஜெர்மன் அரசு நீதிமன்றத்தில் தெரிவித்ததை ஏற்று, மனு விசாரணைக்கு ஏற்கத்தக்கதல்ல என்று தள்ளினார்கள். ஆனால் போகிற போக்கில் நீதிமன்றம் நாட்டிய கொள்கை அவரைவிடப் பெரிதாக வளர்ந்தது. டப்ளின் ஒப்பந்தம் இருக்கிறது என்பதற்காகப் பிரிட்டன் கண்ணை மூடிக்கொண்டு அனுப்ப முடியாது; இடையில் ஒரு நாட்டுக்கு அனுப்பினாலும், கடைசியில் அவர் சித்திரவதைக்குப் போய்ச் சேர்ந்தால் அனுப்பிய நாடும் பொறுப்பு. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, சோமாலியப் பெண் ஒருவரையும் அல்ஜீரியர் ஒருவரையும் பற்றிய வழக்கில், அகதி என்பதன் பொருள் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான், ஜெர்மனியும் பிரான்சும் அதைக் குறுக்கிப் படித்தால் அங்கே அனுப்பக்கூடாது என்றது. ஜெர்மனி தன் சட்டத்தையே மாற்றி, 2005 ஜனவரியிலிருந்து அரசல்லாத இயக்கங்களின் கொடுமையையும் ஏற்றது. 2011 ஜனவரி 21 அன்று, ஆப்கானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பெல்ஜியம் கிரீஸுக்கு அனுப்பியது தவறு என்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் இரண்டு நாடுகளையும் கண்டித்தபோது, அந்தத் தீர்ப்பு நின்ற அடித்தளத்தில் டி.ஐ. வழக்கும் இருந்தது. கிரீஸில் தஞ்சம் கேட்டவர்கள் தெருவில் படுத்துக்கிடந்ததை ஐரோப்பா முழுவதும் அறிந்திருந்தது. தெரிந்தே அனுப்பினார்கள் என்பதுதான் குற்றம். புலம்பெயர்ந்தோர் வரலாற்றில் நம்மவர் கடைகளையும் கோயில்களையும் நிறைய எழுதுகிறோம். தோற்றும் சட்டத்தை நகர்த்திய இந்தப் பெயரில்லாத மனிதரையும் எழுத வேண்டும்.

2024இல் ஐரோப்பிய ஒன்றியம் டப்ளின் விதிகளுக்குப் பதிலாகப் புதிய சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது. நடைமுறைக்கு 2026 நடுப்பகுதி என்று நாள் குறித்தது. ரேகை எடுக்கும் வயது பதினான்கிலிருந்து ஆறாகிறது. தலைமறைவானவரை அனுப்பும் கெடு மூன்று ஆண்டாகிறது. முதலில் நுழைந்த நாடே பொறுப்பு என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது.

இனி நம் கரைக்கு வருவோம். கடலூரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் புதுச்சேரியிலிருந்து 2014 ஜூன் நடுவில் ஒரு படகு புறப்பட்டது. அதில் 157 பேர், எல்லாரும் தமிழர். ஐம்பது பேர் குழந்தைகள். பலர் தமிழ்நாட்டு முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர்கள். போக நினைத்த இடம் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவு. ஜூன் 29 அன்று தீவை நெருங்கியபோது ஆஸ்திரேலிய எல்லைக் காவல் கப்பல் மறித்து, அனைவரையும் தன்மேல் ஏற்றிக்கொண்டது.

ஜூலை 1 அன்று ஆஸ்திரேலிய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு முடிவு செய்தது: இவர்களை இந்தியாவுக்குக் கொண்டுபோங்கள். இந்தியாவோடு அப்படி ஒரு ஒப்பந்தம் அன்று கிடையாது. இறக்க இந்தியா சம்மதித்திருக்கவும் இல்லை. கப்பல் இந்தியாவை நோக்கி வந்து, நம் கடலுக்கு அப்பால் நாள்கணக்கில் காத்து நின்றது. உள்ளே ஜன்னலில்லாத அறைகளில் ஒரு நாளில் பெரும்பகுதி நேரம் அடைபட்டிருந்ததாகவும், ஆண்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்ததாகவும் அவர்கள் தரப்பு வழக்கறிஞர்கள் சொன்னார்கள். குழந்தைகள் உட்பட அனைவரும் ஏறத்தாழ ஒரு மாதம் கப்பலில். அதே வாரத்தில் வேறொரு படகில் பிடிபட்ட 41 பேரை, வீடியோ அழைப்பில் சில கேள்விகள் கேட்டுவிட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் நடுக்கடலில் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்திருந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட வழக்கறிஞர்கள் ஜூலை 7 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்துக்கு ஓடி, 157 பேரை அப்படி ஒப்படைப்பதற்குத் தடை வாங்கினார்கள்.

குடிவரவு அமைச்சர் ஸ்காட் மோரிசன் டில்லி வந்து பேசினார். இந்தியக் குடிமக்களை ஏற்போம், இங்கே வசித்தவர்களைப் பற்றிப் பரிசீலிப்போம் என்ற அளவுக்கு இந்தியா இசைந்ததாக அறிவித்தார். ஜூலை இறுதியில் எல்லாரையும் ஆஸ்திரேலிய மண்ணில், கர்ட்டின் முகாமில் இறக்கி, இந்தியத் தூதரக அதிகாரிகளைச் சந்திக்கச் சொன்னார்கள். அவர்கள் மறுத்தார்கள். ஆகஸ்ட் முதல் நாள் இரவு, வழக்கறிஞர்களுக்குத் தெரியாமல், குழந்தைகள் உட்பட எல்லாரையும் விமானத்தில் ஏற்றி நவ்ரு தீவுக்கு அனுப்பினார்கள்.

2015 ஜனவரி 28 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் நால்வர், கடலில் பிடித்து வைத்ததும் இந்தியாவை நோக்கிக் கொண்டுபோனதும் சட்டப்படி சரி என்றார்கள். அனுப்புமுன் அவர்களிடம் கருத்துக் கேட்கும் கடமை அரசுக்கு இல்லை என்றும் சொன்னார்கள். மூவர் மறுத்தார்கள்: இறக்க உரிமையில்லாத நாட்டை நோக்கி ஒருவரைக் கொண்டுபோவது எப்படிச் சட்டப்படியான செயலாகும்? சிறுபான்மைத் தீர்ப்பின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த ஒரு மாதத்தில் மூன்று நாடுகளின் பெயர் அடிபட்டது. எந்த நாடும், நீங்கள் ஏன் குறிஞ்சிப்பாடி போன்ற முகாமை விட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடலில் இறங்கினீர்கள் என்று உட்கார்ந்து கேட்கவில்லை.

2021 அக்டோபரில் இன்னொரு படகு. கனடாவை நோக்கிப் போனதில் 89 பேர் இருந்தார்கள், பெரும்பாலோர் இலங்கைத் தமிழர். படகு பழுதாகி, பிரிட்டன் வசமிருக்கும் டியேகோ கார்சியா தீவில் கரையேற்றப்பட்டார்கள். அமெரிக்கப் படைத்தளம் உள்ள அந்தத் தீவில் அதற்கு முன் யாரும் தஞ்சம் கேட்டதே இல்லை. அகதிகள் உடன்படிக்கை இந்தத் தீவுக்குப் பொருந்தாது என்றது பிரிட்டன். எலி புகும் கூடாரங்களில் மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2024 டிசம்பரில்தான் அவர்களில் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்கு அழைத்துப்போனார்கள். அவர்களைத் தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பகுதிக்கான நீதிமன்றம் அதே மாதம் தீர்ப்புச் சொன்னது.

இவர்களில் ஒருவரையாவது இந்தியா விசாரித்து அகதி என்றோ அகதியில்லை என்றோ எழுதிக் கொடுத்திருந்தால் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் வேறு விதமாக நடந்திருக்க வேண்டியிருக்கும். இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. உள்நாட்டிலும் அகதிகளுக்கென ஒரு சட்டம் இல்லை. இலங்கைத் தமிழர் நாற்பது ஆண்டுகளாக உள்துறையின் ஆணைகளிலும் கியூ பிரிவு போலீசின் பதிவேட்டிலும் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு வீடு கட்டித் தருகிறது. 2021இல் மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாயாக உயர்த்தியது. முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. இவை மெய்யான உதவிகள், மறுக்கக்கூடாது. ஆனால் உதவி பெறுவதும் உரிமை பெறுவதும் வேறு வேறு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு இலங்கையை விட்டுவிட்டது. நாடாளுமன்றத்தில் சசி தரூர் 2015இல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த தஞ்சச் சட்டம் நிறைவேறவில்லை. மனுவை வாங்கு, கதையைக் கேள், எழுத்தில் முடிவு சொல், தவறென்றால் மேல்முறையீட்டுக்கு வழிவிடு என்ற நான்கையும் சொல்லும் ஒரு சட்டம் இந்தியாவுக்கு வேண்டும். அதைக் கேட்க வேண்டிய முதல் பொறுப்பு தமிழ்நாட்டிலிருந்து போகும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இருக்கிறது.

அதுவரை, இன்றைய சட்டத்திலேயே சிலருக்கு ஒரு வழி உண்டு. குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன் வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். முகாமில் வாழ்ந்த ஒருவருக்கு இந்த அடிப்படையில் பாஸ்போர்ட் தரும்படி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. 1983க்கும் 1987க்கும் இடையில் மண்டபத்திலோ நம் மாவட்ட மருத்துவமனைகளிலோ பிறந்தவர்கள் குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருந்தால், அவர்களை அறிந்த வாசகர்கள் இதைத் தெரியப்படுத்துங்கள். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதிவு இல்லையென்றால் கோட்டாட்சியர் வழியாகத் தாமதப் பதிவு செய்ய இன்றும் சட்டத்தில் இடமிருக்கிறது.

(தொடரும்)